ஊனோவா, இஎஸ்பி32வா, பீக்கோவா? மூன்று போர்டுகள் பற்றி

மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதாவது சென்சாரையும் மோட்டாரையும் இயக்கும் குட்டிக் கணினிச் சிப் உள்ள போர்டு, வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது சிப்பின் வேகமான மெகாஹெர்ட்ஸைத்தான். ஹாபி புராஜெக்டுக்கு அது கிட்டத்தட்ட கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். மண்ணின் ஈரத்தை அளந்து மோட்டாரை ஓடவிட 16 மெகாஹெர்ட்ஸே தாராளம். வைஃபை வேண்டுமா, பேட்டரியில் ஓட வேண்டுமா, இணைக்கப் போகும் சென்சாரும் எல்இடியும் எத்தனை வோல்ட் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பாதிப் போர்டுகள் தானாகவே கழிந்துவிடும். ஊனோ, இஎஸ்பி32, பீக்கோ மூன்று போர்டுகளையும் வைத்து நிறைய செய்து பார்த்திருக்கிறேன், எது எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று சொல்கிறேன்.

ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பழசு, மெதுவானது, ஆனாலும் முதல் போர்டாகத் தயங்காமல் சொல்வேன். 5 வோல்ட்டில் ஓடுவதால் ரிலே மாட்யூல், எல்சிடி, பழைய சென்சார்கள் எல்லாம் நேரடியாக இணையும். ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியர் வரை எடுக்கலாம். சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் மாடலாகப் பார்த்து வாங்கினால், அது எரிந்தாலும் பூட்லோடர் (யுஎஸ்பி வழியாகப் புரோகிராம் ஏற்ற உதவும் சின்ன மென்பொருள்) ஏற்றிய இன்னொரு ஏடிமெகா328பி சிப் போட்டுக்கொள்ளலாம். அந்தச் சிப்பை மட்டும் பிரெட்போர்டில் வைத்து, ஒரு கிரிஸ்டலும் இரண்டு கெப்பாசிட்டரும் சில சின்னப் பாகங்களும் சேர்த்துத் தனியாக ஓடவிட்டுப் பாருங்கள், உள்ளே என்ன நடக்கிறது என்பது அப்போதுதான் சரியாகப் பிடிபடும்.

இடிக்கும் இடம் ரேம். மொத்தமே 2 கிலோபைட். 128க்கு 64 அளவுள்ள சின்ன ஓஎல்இடி திரை ஒன்று இணைத்தால் முழுத் திரையையும் நினைவில் வைக்கிற லைப்ரரி 1024 பைட்டை எடுத்துக்கொள்ளும், மேலே எஸ்டி கார்டும் வேண்டும் என்றால் அதற்கு ஒரு 512 பைட் பஃபர், மிச்சத்தில்தான் உங்கள் புரோகிராம் ஓட வேண்டும். 2023இல் வந்த ஊனோ ஆர்4இல் 32 கிலோபைட் ரேம் இருக்கிறது, 5 வோல்ட்டும் அப்படியே, ஆனால் ஒரு பின்னுக்கு 8 மில்லிஆம்பியர்தான் வரம்பு. ஆர்3க்குப் போட்ட சர்க்யூட்டை அப்படியே மாற்றிச் செருகாதீர்கள்.

வைஃபை என்றால் இஎஸ்பி32தான், வேறு யோசனையே வேண்டாம். 240 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கோர், 520 கிலோபைட் ரேம், புளூடூத் வேறு. ஆனால் பின் வரைபடம் பக்கத்தில் இல்லாமல் இதில் ஒரு வயரைக்கூடச் செருகக் கூடாது. 6 முதல் 11 வரையுள்ள பின்கள் பொதுவாக உள்ளே ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போகின்றன, தொடாதீர்கள். 34 முதல் 39 வரை உள்ளீடு மட்டும், பின்னை 3.3 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கும் உள் புல்-அப் ரெசிஸ்டரும் கிடையாது, பட்டன் வைத்தால் ரெசிஸ்டரை நீங்களே போட வேண்டும். 12ஆம் பின்னை ஏதாவது ஒரு மாட்யூல் 3.3 வோல்ட் பக்கம் மேலே இழுத்துப் பிடித்திருந்தால் பல போர்டுகள் பூட் ஆகவே மறுக்கும். அனலாக் அளவீடு இதன் பெரிய பலவீனம்: வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி இதில் இரண்டு, இரண்டாவது ஏடிசியின் பின்கள் வைஃபை ஓடும்போது பயன்படாது, முதலாவதும் இரு ஓரங்களில் நேர்கோட்டை விட்டு விலகும். துல்லியம் தேவை என்றால் ஏடிஎஸ்1115 போல ஒரு தனி ஏடிசி சேர்த்துவிடுங்கள்.

வாங்கும்போது பெயரின் கடைசி எழுத்தையும் பாருங்கள். இஎஸ்பி32-எஸ்3, இஎஸ்பி32-சி3 இரண்டிலும் இருப்பது லோ எனர்ஜி புளூடூத் மட்டுமே. போனிலிருந்து பாட்டு வாங்கும் புளூடூத் ஸ்பீக்கர் செய்ய நினைத்தால் பழைய இஎஸ்பி32தான் வேண்டும்.

பேட்டரிக் கதை தனி. ஆழ்ந்த தூக்கத்தில் சிப் எடுப்பது சுமார் 10 மைக்ரோஆம்பியர். ஆனால் நாம் வாங்கும் போர்டில் அணையாத பவர் எல்இடி, ரெகுலேட்டர், யுஎஸ்பி சிப் எல்லாம் சேர்ந்து பல மில்லிஆம்பியரைத் தின்னலாம். 10 மில்லிஆம்பியர் என்று வைத்தால் 2000 எம்ஏஎச் பேட்டரி எட்டு நாளில் காலி, சிப் எவ்வளவு அழகாகத் தூங்கினாலும். பேட்டரி புராஜெக்ட் செய்பவர்கள் விளம்பரத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, தூங்கும்போது முழுப் போர்டும் எவ்வளவு எடுக்கிறது என்று மல்ட்டிமீட்டரில் பாருங்கள்.

அப்புறம் ராஸ்பெர்ரி பை பீக்கோ. 2021இல் வந்தது, ஆர்பி2040 சிப், 264 கிலோபைட் ரேம். போர்டில் உள்ள பட்டனை அழுத்திக்கொண்டே யுஎஸ்பியில் செருகினால் பென்டிரைவ் மாதிரித் தெரியும், ஃபைலை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. மைக்ரோபைத்தான் (இந்த மாதிரி போர்டுகளுக்கான பைத்தான் மொழி) கற்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை, டேட்டாஷீட்டும் உட்கார்ந்து படிக்கிற மாதிரி எழுதப்பட்டிருக்கிறது.

இதன் உண்மையான பலம் பிஐஓ, அதாவது கோரைத் தொந்தரவு செய்யாமல் பின்களைத் தானே இயக்கும் பகுதி. டபிள்யூஎஸ்2812 எல்இடி பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பிட்டுக்கும் 1.25 மைக்ரோசெகண்ட், ஒரு எல்இடிக்கு 24 பிட். ஊனோவில் வழக்கமான லைப்ரரிகள் இந்த நேரக்கணக்கு பிசகாமல் இருக்க இன்டரப்டை (நடுவில் வரும் சிக்னலைச் சிப் உடனே கவனிக்கும் வசதியை) நிறுத்திவிடுகின்றன, 300 எல்இடி என்றால் சுமார் 9 மில்லிசெகண்டுக்கு போர்டுக்குக் காது கேட்காது, அந்த நேரத்தில் ரிமோட் சிக்னல் வந்தால் போச்சு. பீக்கோவில் பிஐஓவின் எட்டு சின்ன இயந்திரங்களில் ஒன்று அந்த வேலையை எடுத்துக்கொள்ள, கோர் இரண்டும் வேறு வேலைக்கு மிஞ்சும்.

இஎஸ்பி32, பீக்கோ இரண்டும் 3.3 வோல்ட் என்பதை மறக்காதீர்கள். எச்சி-எஸ்ஆர்04 தூரம் அளக்கும் சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட் தரும், 1 கிலோஓம், 2 கிலோஓம் ரெசிஸ்டர்கள் வைத்து வோல்ட்டேஜைப் பிரித்துக் கொடுங்கள். 5 வோல்ட் எல்இடி பட்டைக்கோ எதிர்ச் சிக்கல்: டேட்டா குறைந்தது 3.5 வோல்ட் இருக்க வேண்டும், 3.3 சில சமயம் ஓடும், சில சமயம் மின்னி மின்னிப் படுத்தும். நடுவில் 3.3 வோல்ட் சிக்னலை 5 வோல்ட்டாக உயர்த்தும் 74ஏஎச்சிடி125 சிப் ஒன்று போட்டால் தீர்ந்தது.

பீக்கோ 2 வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதிலுள்ள ஆர்பி2350 சிப்பின் ஏ2 பதிப்பில், பின்னை 0 வோல்ட் பக்கம் இழுக்க வேண்டிய உள் புல்-டவுன் சரியாக இழுக்காமல் பின் சுமார் 2 வோல்ட்டிலேயே மாட்டிக்கொள்ளும் கோளாறு அதன் டேட்டாஷீட்டிலேயே பதிவாகியிருக்கிறது. பட்டனுக்குப் புல்-அப் பயன்படுத்துங்கள், அல்லது வெளியே 8.2 கிலோஓமுக்கு மேல் போகாத ரெசிஸ்டர் வையுங்கள்.

இந்த மூன்றையும் தாண்டி எஸ்டிஎம்32 என்ற இன்னொரு மைக்ரோகன்ட்ரோலர் வரிசைப் பக்கம் போக ஆசை என்றால், சி மொழி நன்றாக வந்த பிறகு போங்கள், புளூ பில் போர்டைத் தவிர்த்துவிடுங்கள், நகல் சிப்புகள் அதில் அதிகம். அதே வரிசையின் நியூக்ளியோ போர்டு வாங்கினால் டீபக்கர் போர்டிலேயே இருக்கும், புரோகிராமை வரி வரியாக நிறுத்திப் பார்க்கலாம்.