‘இந்த வரி இங்கே என்ன வேலை பார்க்கிறது?’: நாலாவது நோட்டு தீரப்போகும் நேரத்தில் ஒரு பயன்பாட்டு அனுபவம்

“சித்தி, வரி புரியுது. கேள்விதான் புரியலை” என்றாள் அக்கா மகள். 2023 ஆகஸ்ட். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வு தாளிலிருந்து கணினிக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். வெளிநாட்டு மையங்களில் அந்த ஆண்டு மார்ச்சிலேயே மாறிவிட்டது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் மாறியது. பழைய தேர்வில் பக்கம் நிறையப் பத்தி இருக்கும், அதற்குக் கீழே பத்துப் பதினொரு கேள்வி வரும். புதியதில் 25 முதல் 150 சொல்லுக்குள் ஒரு குட்டிப் பத்தி, அதற்கு ஒரே ஒரு கேள்வி. அவள் திரையில் ஒரு வாக்கியம் அடிக்கோடிடப்பட்டிருந்தது. அந்த வாக்கியம் முழுப் பத்தியில் ஆற்றும் பணி என்ன என்று கேட்டிருந்தார்கள்.

நானும் படித்தேன். எனக்கும் வரி புரிந்தது. நானும் தப்பாகத்தான் போட்டேன்.

அன்றைக்குத் தொடங்கிய ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் இந்தப் பகிர்வு. கருவி என்று பார்த்தால் ஒரு பென்சில், ஒரு நோட்டு, அவ்வளவுதான். பத்தியை எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அது அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று நாலைந்து சொல்லில் குறிக்க வேண்டும். அவள் தேர்வை முடித்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள். பிறகு நான் மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வை எழுதினேன், அதுவும் முடிந்தது. பழக்கம் மட்டும் விடவில்லை. இது நாலாவது நோட்டு, அதிலும் சில பக்கங்கள்தான் மிச்சம்.

முதல் மூன்று மாதம் வீண். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் அங்கேயே நின்று, ‘இதெல்லாம் சரிப்படாது’ என்று விட்டுவிடுகிறார்கள். வாக்கியங்களுக்கு எதிரே நாங்கள் எழுதியது இப்படி: அறிமுகம், எடுத்துக்காட்டு, ஆதாரம், குறை, முடிவு. பார்க்க அழகாக இருக்கும். விடை மட்டும் வராது. எல்லாப் பத்திக்கும் ஒரே ஐந்து சொல்லை மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தோம்.

நானே பயிற்சிக்காக எழுதி வைத்த ஒரு பத்தியைக் காட்டுகிறேன்.

(1) கண்டங்கள் ஒருகாலத்தில் ஒன்றாக இருந்து பின்னர் விலகின என்று 1912-இல் ஆல்ஃபிரெட் வெகனர் முன்மொழிந்தார். (2) ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா இரண்டின் கரைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதையும், இரு பக்கமும் ஒரே வகைப் புதைபடிவங்கள் கிடைப்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். (3) ஆனால் அவ்வளவு பெரிய நிலப்பரப்பை நகர்த்தும் விசை எது என்பதற்கு அவரால் ஏற்கத்தக்க விடை தர முடியவில்லை. (4) நிலவியலாளர் பலர் அவர் கருத்தை ஒதுக்கினர். (5) 1960-களில் கடல்தளம் விரிவடைவதற்கான சான்றுகள் சேர்ந்த பிறகே அது பரவலான ஏற்பைப் பெற்றது.

மூன்றாவது வரியின் பணி என்ன? நாலு விடைகள்: வெகனரின் கருத்து பிழை என்று நிறுவுகிறது, அவர் காட்டிய சான்றுகளைச் சந்தேகிக்கிறது, அக்கருத்து ஒதுக்கப்பட்டதற்குக் காரணம் தருகிறது, கண்டங்களை நகர்த்தும் விசையை விளக்குகிறது.

என் நோட்டில் அந்த வரிக்கு எதிரே ‘குறை’ என்று இருந்தது. ‘குறை’ என்று எழுதி வைத்தவர் முதல் விடையைத்தான் எடுப்பார். நானும் எடுத்தேன். ஐந்தாவது வரியைப் பார்த்தால் வெகனரின் மையக் கருத்து கடைசியில் ஏற்கப்பட்டுவிட்டது. அப்படியிருக்க, நடுவில் இருக்கிற வரி அதைப் பிழையென்று எப்படி நிறுவும்? பிறகு அதே வரிக்கு எதிரே ‘(4)-இல் வரும் ஒதுக்கலுக்குக் காரணம் சொல்கிறது’ என்று எழுதிப் பார்த்தேன். கிட்டத்தட்ட மூன்றாவது விடையையே நான் எழுதியிருந்தேன்.

இந்த இரண்டரை ஆண்டில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது இதுதான். பெயர்ச்சொல்லில் குறிக்காதீர்கள், வினைச்சொல்லில் குறியுங்கள். அந்த வினை எந்த வரியின் மேல் செயல்படுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘எடுத்துக்காட்டு’ என்றால் எதற்கு? ‘ஆதாரம்’ என்றால் யார் பக்கம்? இந்தக் கேள்விக்கு விடை எழுதாத குறிப்பு வெறும் ஒட்டுச்சீட்டு.

நாலாவது விடையையும் ஒருமுறை பாருங்கள். விசை, கண்டம், நகர்த்துதல் என்று அந்த வரியிலுள்ள சொற்கள் அதில்தான் அதிகம். அவசரத்தில் கை அங்கேதான் போகும். வரி எதைப் பற்றிப் பேசுகிறது என்பதற்கு அது ஓரளவு பொருந்தும், என்ன செய்கிறது என்பதற்குப் பொருந்தாது. அக்கா மகள் ‘கேள்வி புரியலை’ என்றது இந்த இடத்தைத்தான் என்று எனக்குப் பிடிபட வெகுநாள் ஆயிற்று.

‘ஆனால்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சி வீடியோக்கள் பலவும் ‘இணைப்புச் சொல்லைப் பிடி, விடை கிடைக்கும்’ என்கின்றன. பாதிதான் சரி. மேலே உள்ள ‘ஆனால்’ இரண்டாவது வரியைப் பார்த்து நிற்கிறது. அந்த வாக்கியத்தின் வேலையோ நாலாவது வரிக்காக. இணைப்புச் சொல்லை மட்டும் நம்பினால் ‘சான்றுகளைச் சந்தேகிக்கிறது’ என்பதில் போய் விழுவோம். விசை தெரியவில்லை என்பதால் கரைகள் பொருந்தாமல் போய்விடுமா?

அடுத்து நாங்கள் சேர்த்துக்கொண்டது, கட்டைவிரல் சோதனை. கேட்ட வரியைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு மற்றதைப் படிப்பது. எந்த அண்டை வரி நொண்டுகிறதோ, அதற்காகத்தான் மறைத்த வரி அங்கே இருக்கிறது. மூன்றை மறைத்தால் நாலு அந்தரத்தில் தொங்கும்: இவ்வளவு சான்று இருந்தும் ஏன் ஒதுக்கினார்கள்? பெரும்பாலான அறிவியல், வரலாற்றுப் பத்திகளில் இது ஏமாற்றியதில்லை.

ஒன்றே ஒன்றில் அவளும் நானும் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டோம். வயிற்றுப்புண்ணுக்கு மன அழுத்தமும் அமிலமும்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது என முதல் வரி. பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைச் சுட்டியது இரண்டாவது. மருத்துவர்கள் பலர் தயங்கியது மூன்றாவது. 1984-இல் மார்ஷல் அந்தப் பாக்டீரியாவைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டது நாலாவது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது ஐந்தாவது.

நாலாவது வரியின் பணி? அவள் ‘மார்ஷலின் துணிச்சலைப் போற்றுகிறது’ என்பதில் நின்றாள். நான் ‘வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் பாக்டீரியாதான் என்று உறுதியாக நிறுவுகிறது’ என்றேன். இருவரும் தோற்றோம். அந்த வரி போற்றவில்லை; படித்துவிட்டு நாம்தான் போற்றினோம். என்னுடையது வேறு விதமான பிழை. அவருக்கு வந்தது அழற்சி, புண் அல்ல. ஓர் ஆள் தன்மேல் செய்துகொண்ட சோதனை ‘உறுதியாக நிறுவும்’ அளவுக்குப் போகாது. ‘மூன்றாவது வரியின் தயக்கத்தை எதிர்கொள்ள அவர் எடுத்த முயற்சியைச் சொல்கிறது’ என்ற சாதுவான விடைதான் சரி. இந்த வகைக் கேள்வியில் சரியான விடை அநேகமாகச் சுவையில்லாமல்தான் இருக்கும். ‘முற்றிலும்’, ‘உறுதியாக’, ‘முதன்முதலாக’ என்று மீசை முறுக்குகிற விடையைக் கண்டால் இப்போதெல்லாம் பத்தியில் ஒருமுறை ஆதாரம் தேடிவிட்டுத்தான் தொடுவேன்.

அந்தப் பத்தியின் முதல் வரிதான் எனக்கு நன்னூலை நினைவூட்டியது. விழுவதற்காகவே நிறுத்தி வைத்த வரி அது. பள்ளியில் மனப்பாடம் செய்த எழுவகை மதத்தில் (மதம் என்றால் இங்கே கொள்கை) ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’ என்று ஒன்று வருமே, அதுவேதான்: பிறர் கொள்கையை முதலில் ஏற்பதுபோல் எடுத்து, பிறகு நீக்குவது. போய் மற்ற ஆறையும் எடுத்துப் பார்த்தேன். உடன்படல், மறுத்தல், தான் ஒன்றை நாட்டி நிறுத்துதல், இருவர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலில் குற்றம் காட்டல், எதிலும் சேராமல் தன் மதம் கொள்ளல். அத்தனையும் தொழிற்பெயர்கள்! மூன்று மாதம் ‘குறை’, ‘முடிவு’ என்று எழுதிப் பாழாக்கிய எனக்கு இது நல்ல சூடு. அன்றிலிருந்து என் குறிப்புகளில் ‘மேற்கொண்டு களைகிறது’, ‘ஒருதலை துணிகிறது’ என்ற சொற்கள் நிலைத்துவிட்டன. ஆங்கிலப் பத்திக்குப் பக்கத்தில் அதைப் பார்த்து அக்கா மகள் சிரிப்பாள். பிறகு அவளும் ‘மேற்கொண்டு’ என்பதை மட்டும் சுருக்கி ‘மே’ என்று போட ஆரம்பித்தாள். பரிமேலழகரும் இதைத்தானே செய்கிறார். சில குறள்களைச் சேர்த்து ‘இவை மூன்று பாட்டானும் இன்னது கூறப்பட்டது’ என்று முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார்.

தேர்வு அறையில் இது எப்படி? எஸ்ஏடியில் ஒரு தொகுதிக்கு 27 கேள்வி, 32 நிமிடம். கேள்விக்கு 71 நொடிதான். ஒவ்வொரு வரிக்கும் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தால் பாதிக் கேள்வி பாக்கி நின்றுவிடும். தேர்வு நடக்கும் ப்ளூபுக் செயலியில் வரியைத் தேர்ந்து வண்ணமிட்டுக் குறிப்பு எழுத வசதி உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை, சுட்டியை நகர்த்தும் நேரத்தில் பத்தியை இன்னொருமுறை படித்துவிடலாம். தேவையில்லாத விடையை அடித்துவிடும் வசதி மட்டும் நன்றாக உழைத்தது. அவள் கடைசியில் செய்தது, கொடுக்கும் வெற்றுத்தாளில் ஓர் அம்புக்குறி. வரி முந்தியதற்காக நின்றால் இடப்பக்கம், அடுத்ததற்காக நின்றால் வலப்பக்கம். அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை. வீட்டில் மாதக்கணக்கில் விரிவாக எழுதியதால்தான் அங்கே ஓர் அம்பு போதுமானதாக இருந்தது என்பது என் எண்ணம். ‘இல்லை, முதலிலேயே அம்பு போதும்னு சொல்லியிருக்கலாம்’ என்பது அவள் எண்ணம்.

ஒரு விதியை மட்டும் நாங்கள் மாற்றவே இல்லை: நம் சொல்லில் விடை எழுதும்வரை அந்த நாலையும் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டால் நாலும் நியாயமாகத் தெரிய ஆரம்பிக்கும். பிறகு பார்க்கும்போதும் ஒவ்வொரு விடையையும் இரண்டாக உடைத்து, வினை சரியா, அது எதன்மேல் என்பது சரியா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ‘சான்று தருகிறது’ சரியாக இருக்கும், எந்தக் கருத்துக்கு என்பது தடம் மாறியிருக்கும்.

பயிற்சிக்கு, தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் கேள்வி வங்கியே போதும். பத்தியின் அமைப்பும் நோக்கமும் என்ற திறனை மட்டும் பிரித்து எடுக்கலாம், கடினத்தையும் தேர்ந்துகொள்ளலாம். கான் அகாடமியில் இலவசப் பாடம் உண்டு. ஒரு கட்டணச் செயலியையும் சில மாதம் வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். அதில் இரண்டு விடை சம அளவில் பொருந்தும் கேள்விகள் ஏராளம். அவற்றோடு மல்லாடி அவள் நம்பிக்கை குலைந்ததுதான் மிச்சம்.

மதிப்பெண் கணக்கு மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கட்டமைப்பு, சொல்லாட்சி சார்ந்த பிரிவு எஸ்ஏடி ஆங்கிலத்தில் ஏறத்தாழ 28 விழுக்காடு, அதாவது 54-இல் 13 முதல் 15 கேள்வி. அதற்குள்ளேயே சூழலில் சொற்பொருள் காணுவதும், இரு பத்திகளை ஒப்பிடுவதும் இருக்கின்றன. ஆகவே வரியின் பணி கேட்கும் கேள்விகள் கொஞ்சம்தான். சொல்வளம் குறைவாக இருக்கும் பிள்ளையை நோட்டோடு உட்கார வைக்காதீர்கள், அந்த நேரத்தைச் சொற்களுக்குக் கொடுங்கள். இந்தப் பழக்கம் எனக்கு அதிகம் உழைத்தது ஜிஆர்இயில். அங்கே கேள்வி தலைகீழாகவும் வரும்: இன்ன வேலையைச் செய்யும் வாக்கியத்தைப் பத்தியில் தேர்ந்தெடு என்பார்கள். நோட்டில் இரண்டாண்டு செய்த காரியம் அதுதானே! மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வை நான் எழுதவில்லை. தடித்த எழுத்தில் இரண்டு பகுதிகளைக் காட்டி இரண்டின் பங்கையும் சேர்த்துக் கேட்கும் கேள்விகளைப் போட்டு மட்டும் பார்த்தேன். சுவாரசியமான தலைவலி.

முறை தடுமாறும் இடம் கதை. இப்படி ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன்: கதவைத் தட்ட ஓங்கிய கை அப்படியே நின்றது. உள்ளே யாரோ சிரித்தார்கள். கடிதத்தைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினான். வந்த வழியே படியிறங்கினான்.

இரண்டாவது வரியின் பணி? முந்திய வரியில் கை நின்றதற்குக் காரணம் என்று இடப்பக்கம் அம்பு போடலாம். அவன் திரும்பிப் போவதற்கு அடிபோடுகிறது என்று வலப்பக்கமும் போடலாம். “சித்தி, அது சும்மா சத்தம்” என்றாள் அவள். கட்டைவிரலால் மறைத்தாலும் எதுவும் விழவில்லை. மர்மம் கூடுகிறது, அவ்வளவுதான். கதை வரிகள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வேலை பார்க்கும். அங்கே வரிகளின் உறவைத் தேடுவதை நிறுத்திவிட்டு, ‘இந்த வரி வந்த பிறகு அந்த ஆளைப் பற்றி எனக்குப் புதிதாக என்ன தெரிந்தது’ என்று எழுதத் தொடங்கினோம். தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது. கவிதைத் துண்டு வந்தால் அதுவும் போதவில்லை.

பக்கவிளைவும் உண்டு. தலையங்கம் படிக்க உட்கார்ந்தால் கட்டைவிரல் தானாக நகர்கிறது. நான் எழுதும் மின்னஞ்சல்கள் பாதியாகிவிட்டன, அலுவலகத்தில் ‘கோபமா?’ என்று கேட்கிறார்கள்.

இன்னும் வசப்படாதது பத்தியின் கடைசி வரி. அதற்கு அடுத்து எதுவும் இல்லாததால் அம்பு இடப்பக்கம்தான் போயாக வேண்டும். ஆனால் எவ்வளவு தூரம்? வெகனர் பத்தியின் ஐந்தாவது வரிக்கு முதல் நோட்டில் ‘(4)-இன் நிலையை மாற்றுகிறது’ என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவது நோட்டில் அதே வரிக்கு ‘(3) விட்ட இடத்தை நிரப்புகிறது’ என்று இருக்கிறது. போன வாரம் மறுபடி எடுத்துப் பார்த்து, ‘(1)-ஐ நிலைநாட்டுகிறது’ என்று எழுதிவிட்டு அடித்தேன். மூன்றையும் அவளுக்குப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.