லாக் வேகமாக ஓடியதை நம்பி இரண்டு மாதச் சம்பளத்தை இழந்தேன்: சென்சார் அமைக்க ஆள் தேடுபவர்கள் படித்துவிடுங்கள்

நேற்று இரவு இரண்டு மணிக்குத்தான் என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு முழுசாகப் புரிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது இரண்டு மாதச் சம்பளம். ஆபீஸ் பணம் இல்லை, என் கைக்காசு. இன்னொருத்தர் இதே ஆளிடம், இல்லை இதே மாதிரி ஓர் ஆளிடம் மாட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். எப்படிச் சரிபார்ப்பது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் நெட்வொர்க் வேலை பார்ப்பவன். ஸ்விட்ச், ஃபயர்வால் எல்லாம் கைப்பழக்கம். ஒரு வாடிக்கையாளருக்கு ஸீக் சென்சார் ஒன்று அமைத்துத் தருவதாகத் தனியாக ஒப்புக்கொண்டேன். ஸீக் என்பது நெட்வொர்க்கில் ஓடுகிற டிராஃபிக்கைக் கவனித்து லாக், அதாவது பதிவு, எழுதுகிற ப்ரோக்ராம். அது ஓடுகிற மெஷின்தான் சென்சார். அவர்களுடைய ஸ்பான் போர்ட்டில் (ஸ்விட்ச் தன் டிராஃபிக்கின் நகலை அனுப்புகிற போர்ட்) வருகிற டிராஃபிக்கை ஒரே ப்ராசஸ் தாங்காது. 8 வொர்க்கர் (ஸீக்கின் தனித்தனி ப்ராசஸ்கள்) ஓடவிட்டு, பாக்கெட்டுகளை 8 பேருக்கும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு கனெக்‌ஷனுடைய பாக்கெட் எல்லாம் ஒரே வொர்க்கருக்குப் போய்ச் சேர வேண்டும். இப்படிப் பங்கு போடுகிற மென்பொருள்தான் பிஎஃப்-ரிங். கெர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையப்பகுதியில் ஏற்றுகிற துண்டு), அதன் லைப்ரரி, அந்த லைப்ரரியோடு சேர்த்துக் கட்டிய தனி லிப்பீகேப் (ப்ரோக்ராம்களுக்குப் பாக்கெட்டைப் பிடித்துத் தருகிற லைப்ரரி) என்று மூன்று துண்டு. மூன்றையும் நிறுவி, ஸீக்கை அந்த லிப்பீகேப்போடு சேர்த்துக் கம்பைல் செய்ய வேண்டும். கெர்னல் மாட்யூல் பக்கம் நான் போனதே இல்லை, நாளும் நெருக்கத்தில் இருந்தது. சரி, தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம் என்று ஃப்ரீலான்ஸ் ஆட்களைப் பிடித்துத் தருகிற ஒரு தளத்தில் தேடினேன். தளத்தின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். ஐந்து நட்சத்திரம், "சென்சார் ஸ்பெஷலிஸ்ட்" என்று பட்டம், புகழ்ந்து எழுதியவர்கள் ஏராளம்.

பேச்சு அவ்வளவு மரியாதை. "சார், இது எனக்குத் தினப்படி வேலை. நீங்க நிம்மதியா தூங்குங்க" என்றார். பாதிப் பணம் முதலில், மீதி வேலை முடிந்ததும் என்று பேச்சு. அப்புறம் மெதுவாக, "தளம் வழியா போட்டா கமிஷன் பிடிச்சிடுவாங்க சார். நேரா போட்டுடுங்க, அந்தக் காசுக்கு ஒரு வருஷம் சப்போர்ட் தர்றேன்" என்றார். நான் நேராகவே போட்டேன். அங்கேயே என் பிடி போய்விட்டது.

மீதிப் பாதியைக் கொடுக்க வைத்த அந்தப் பத்து நிமிஷத்தைச் சொல்கிறேன். திரையைப் பகிர்ந்தார். மாட்யூல் பட்டியலை எடுத்துக் காட்டினார், பிஎஃப்-ரிங் இருந்தது. ஸீக்கை இயக்குகிற ஸீக் கன்ட்ரோலில் ஸ்டேட்டஸ் போட்டார், 8 வொர்க்கரும் "ரன்னிங்". அப்புறம் கனெக்‌ஷன் லாக்கைத் திறந்து ஓடவிட்டார். வரிகள் கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் மேலே பறந்தன. "பாத்தீங்களா சார், ஒரு பாக்கெட் விடல" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு டிராஃபிக்கையும் பிடிக்கிறதே என்று வாயாரப் பாராட்டினேன். அழைப்பு முடிவதற்குள் மீதியையும் அனுப்பிவிட்டேன். இரண்டு மாதச் சம்பளம் அத்தோடு முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

11-வது நாள் வாடிக்கையாளரிடமிருந்து போன். டிஸ்க் நிறைந்துவிட்டது, லாக் எழுதுவது நின்றுவிட்டது என்றார்கள். 90 நாள் தாங்கும் என்று நான் கணக்குப் போட்டுக் கொடுத்த டிஸ்க் அது.

சென்சார் அமைத்தவரைக் கேட்டேன். "டிஸ்க் சின்னதா இருக்கு சார், பெருசா மாத்துங்க." என் கணக்கை அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து, "உங்க டிராஃபிக் ஏறியிருக்கும்." ஏறவில்லை என்று ஸ்விட்சின் கிராஃபை அனுப்பினேன். அதற்கு, "அப்போ உங்க ஸ்பான் போர்ட் டூப்ளிகேட் அனுப்புது, அது உங்க ஏரியா சார்." இது என்னை உண்மையாகவே குழப்பியது, ஸ்பான் தப்பாகப் போட்டிருந்தால் ஒரே பாக்கெட் இரண்டு தடவை வரத்தான் செய்யும். ஒரு முழு நாள் ஸ்விட்சைக் குடைந்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை. அப்புறம் "ஊருக்குப் போயிருக்கேன்", அப்புறம் "சப்போர்ட்னா இன்ஸ்டலேஷன் சப்போர்ட்தான், இதுக்குத் தனி சார்ஜ்", அதற்கப்புறம் நீல டிக் மட்டும். தளத்தில் புகார் கொடுத்தேன். வெளியே கொடுத்த பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

நேற்று இரவு நானே உட்கார்ந்தேன். லாக்கில் ஒரு கனெக்‌ஷனை மட்டும் எடுத்து வடிகட்டினேன். அதே மூல முகவரி, அதே போர்ட், அதே சேருமிடம், அதே நொடி. 8 வரி. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அடையாள எண். இன்னொரு கனெக்‌ஷன், அதுவும் 8. ஒரு வொர்க்கரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நிறுத்தினேன், 8 ஒன்றாகிவிட்டது. ஸ்பான் மேல் பழி போட்டாரே, அது அங்கேயே பொய் என்று ஆனது.

அப்புறம் ஸீக் ப்ரோக்ராம் எந்த லைப்ரரிகளோடு இணைந்திருக்கிறது என்று எல்டிடி கட்டளை போட்டுப் பார்த்தேன். பாவி, சிஸ்டத்தோடு வருகிற சாதாரண லிப்பீகேப்! பிஎஃப்-ரிங் தன் நிலவரத்தை எழுதுகிற ப்ராக் ஃபைலைத் திறந்தால், மொத்த ரிங் (ப்ரோக்ராம்கள் அதனிடம் பாக்கெட் வாங்கத் திறக்கிற வழி) எண்ணிக்கை 0. மாட்யூல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதை ஒரு ப்ரோக்ராம்கூடத் தொடவில்லை. ஸீக்கை அவர் கம்பைல் செய்யவே இல்லை. ரெடிமேட் பேக்கேஜை இறக்கி, செட்டிங் ஃபைலில் பிஎஃப்-ரிங் என்றும் 8 என்றும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பங்கு போட ஆள் இல்லாததால் 8 வொர்க்கரும் மொத்த டிராஃபிக்கையும் தனித்தனியாகப் படித்து, ஒவ்வொருவரும் முழுசாக எழுதியிருக்கிறார்கள். 90 நாள் டிஸ்க் 11 நாளில் நிறைந்தது இதனால்தான். ப்ராசஸரின் ஒவ்வொரு கோரும் முழுப் பாரத்தையும் சுமந்ததால், கேப்ச்சர் லாஸ் லாக்கைத் திறந்தால் பாக்கெட் விட்டுப்போன கணக்கு வரிவரியாக இருக்கிறது. "ஒரு பாக்கெட் விடல" என்று காட்டினாரே, அன்றைக்கு லாக் அப்படிப் பறந்ததே ஒன்றை எட்டாக எழுதியதால்தான். எந்த வேகத்தைப் பார்த்து நான் பணம் கொடுத்தேனோ, அதுதான் வேலை நடக்கவில்லை என்பதற்குச் சாட்சி. இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அவர் கொடுத்த ஒப்படைப்புக் குறிப்பையும் இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். ஸீக் என்ற பெயரே அதில் இல்லை, முழுக்க "ப்ரோ". அது ஸீக்கின் பழைய பெயர், 2018-லேயே மாற்றிவிட்டார்கள். ஏதோ பழைய வழிகாட்டியை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார். அன்றைக்கே ஒரு தடவை படித்திருந்தால் பிடித்திருப்பேன்.

இன்னொன்று. இந்த அளவு டிராஃபிக்குக்கு பிஎஃப்-ரிங்கே தேவைப்பட்டிருக்காது. லினக்ஸ் கெர்னலிலேயே ஏஎஃப்-பாக்கெட் என்று பாக்கெட் பிடிக்கிற வசதி இருக்கிறது, அதில் ஃபேன்-அவுட் முறையில் பாக்கெட்டுகளைப் பிரிக்கலாம், தனி மாட்யூல் எதுவும் வேண்டாம். ஸீக்கின் புதிய பதிப்புகளில் அதற்கான ப்ளக்-இன் கூடவே வருகிறது. வேலை தெரிந்தவர் இதை முதல் நாளே சொல்லியிருப்பார்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், வாடிக்கையாளர் காலையிலிருந்து அழைத்துக்கொண்டே இருக்கிறார், நேரமில்லை. இவ்வளவு மட்டும்:

தளத்துக்கு வெளியே பணம் கொடுக்காதீர்கள், எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும். மாட்யூல் ஏறியிருக்கிறது, வொர்க்கர் ஓடுகிறது என்று காட்டினால் போதாது. ஸீக் எந்த லிப்பீகேப்போடு இணைந்திருக்கிறது, ரிங் எண்ணிக்கை எவ்வளவு என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். நீங்களே ஒரு கனெக்‌ஷனை உண்டாக்கி, லாக்கில் எத்தனை வரி வருகிறது என்று எண்ணுங்கள். மெஷினை ஒரு தடவை ரீபூட் செய்யச் சொல்லுங்கள். கையால் ஏற்றிய மாட்யூல் தானாகத் திரும்ப ஏறாது, கெர்னல் அப்டேட் வந்தால் புதிதாகக் கட்டவும் வேண்டும், அதைத் தானாகச் செய்கிற டிகேஎம்எஸ் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். நெட்வொர்க் கார்டில் ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ (வருகிற பல பாக்கெட்டுகளை ஒன்றாக ஒட்டிவிடுகிற வசதிகள்) இரண்டையும் அணைத்தாரா என்றும் பாருங்கள். என் மெஷினில் அதையும் அணைக்கவில்லை.

19 நாள், இரண்டு மாதச் சம்பளம். எட்டு வரி வந்த அந்த ஸ்க்ரீன்ஷாட்டை அவருக்கு இரவே அனுப்பினேன். நீல டிக் விழுந்துவிட்டது. இந்த நேரம் வரை பதில் இல்லை.