தரங்கம்பாடி கைவிடாத அகராதி

பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய பப்ரிசியஸ் தமிழ்–ஆங்கில அகராதி பல ஆண்டுகளாக என் மேசையில் இருக்கிறது. 1972இல் தரங்கம்பாடி இவாஞ்சலிக்கல் லுத்தரன் மிஷன் பதிப்பகம் வெளியிட்ட நான்காம் பதிப்பு அது. இந்நூலின் குணமும் குறையும் அதை வெளியிட்ட பதிப்பகத்தின் வரலாற்றிலிருந்து வந்தவை என்பதால், அந்த வரலாற்றை ஒதுக்கிவிட்டு இதற்கு மதிப்புரை எழுத முடியாது.

1706 ஜூலையில் டேனிஷ் அரசரின் ஆதரவோடு தரங்கம்பாடியில் கரையிறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவுக்கு, இலண்டனிலிருந்த ஆங்கிலிக்கன் சங்கமான எஸ்.பி.சி.கே. ஓர் அச்சுப்பொறியை அனுப்பியது. தமிழ் எழுத்துகளோ ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. அவை அளவில் பெரியவையாக இருந்ததால் காகிதத்தை விழுங்கின. எனவே ஆட்லர் என்ற கைவினைஞரைக் கொண்டு சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். அதற்கான உலோகம் இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த பெட்டிகளிலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். அடுத்த ஊரான பொறையாற்றில் காகித ஆலையும் அமைந்தது. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. எழுத்து, காகிதம், அச்சு ஆகிய மூன்றையும் ஒரு சிறு சபை தானே செய்துகொள்ள முனைந்த அந்தத் துணிவை, அகராதியைப் புரட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

ஆயினும் அகராதி முதலில் பிறந்தது தரங்கம்பாடியில் அன்று. 1740இல் இந்தியா வந்து பின்னர் சென்னைக்கு மாறிய ஜெர்மன் மிஷனரி யோகான் பிலிப் பப்ரிசியஸிடம், 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது எடுத்துவந்த பிரெஞ்சு அச்சுப்பொறி ஒப்படைக்கப்பட்டது. அரசாங்க வேலை வந்தால் அதை முதலில் முடித்துத் தர வேண்டும் என்பது நிபந்தனை. சென்னை வேப்பேரியில் இயங்கிய அந்த அச்சகத்திலிருந்துதான் 1779இல் அவருடைய 'மலபார்–ஆங்கில' அகராதி வெளிவந்தது. ஐரோப்பியர் அக்காலத்தில் தமிழை மலபார் மொழி என்றே அழைத்தனர். கடன் சுமையால் சிறைக்கும் சென்று 1791இல் மறைந்த அவருக்கு, தம் நூல் இருநூறு ஆண்டு நிலைக்கும் என்ற எண்ணம் இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

வேப்பேரி அச்சகம் பின்னர் பல கைகள் மாறியது. 1862இல் அமெரிக்க மிஷனரி வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கிலப் பேரகராதியும் வெளிவந்தது. அதன் பின் பப்ரிசியஸின் நூல் மறக்கப்பட்டிருந்தாலும் வியப்பில்லை. ஆனால் தரங்கம்பாடிப் பணியை ஏற்ற ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் அதைத் திருத்தி, விரிவாக்கி 1897இல் மறுபடி வெளியிட்டது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவான பிறகும் அந்தப் பொறுப்பு தொடர்ந்தது. விற்பனைக் கணக்கை மட்டும் பார்க்கும் வணிகப் பதிப்பகம் இதைச் செய்திருக்காது என்பது என் எண்ணம்.

இனி பயன்பாட்டுக்கு வருகிறேன். ஆறு பெரிய தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் ஒரு சொல்லைத் தேட எழுந்து நடக்க வேண்டியிருக்கும்போது, இது ஒரே தொகுதியாகக் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 'கை' என்ற சொல்லைப் பிரித்தால், கைக்கூலி, கைமாற்று போன்ற கூட்டுச்சொற்களும் வழக்குத் தொடர்களும் அதன் அடியிலேயே நெருக்கமாக நிற்கின்றன. ஊராரோடு பேசிப் பிரசங்கம் செய்ய வேண்டியவர்களுக்காகத் தொகுக்கப்பட்டதால், ஏட்டிலக்கியச் சொற்களோடு சந்தையிலும் வீட்டிலும் புழங்கிய பேச்சுக்கும் இதில் இடமுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடிதங்களையோ உரைநடையையோ படிப்பவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் இதனால் பெரிதும் பயன் பெறுவார்கள்.

குறைகளும் உண்டு. பொருள் ஆங்கிலத்தில் மட்டுமே தரப்படுவதால் தமிழ் வழி கற்றவர்களுக்கு இது நேரடியாக உதவாது. பேரகராதியைப் போல இலக்கிய மேற்கோள் காட்டாததால், ஒரு சொல் எந்தக் காலத்து வழக்கு என்பதை வாசகரே வேறு வழியில் கண்டுகொள்ள வேண்டும். தேர்ந்தெடுத்த ஆங்கிலமும் சில இடங்களில் நூற்றாண்டு பழையது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானதால் துதிக்கை வைத்த 'லை', 'ணை' போன்ற பழைய வடிவங்கள் இளையவர்களைச் சற்றுத் தடுமாற வைக்கும். எனக்கு அவை அழகாகவே தெரிகின்றன.

அச்சுப் பிரதி கிடைக்காதவர்கள், சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் அகராதித் திட்டத்தில் இதே நான்காம் பதிப்பை இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ஒரு சொல்லை மட்டும் சரிபார்க்க அது போதும். அந்தச் சொல்லின் அக்கம்பக்கத்தையும் மேய விரும்புவோர், பழைய பிரதி கண்ணில் பட்டால் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் வாங்கிவிடலாம். வாங்கும் முன் கடைசிப் பக்கங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று மட்டும் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.