போட்டி ஆணையத்தின் உத்தரவுத் தொகுப்பு: ஆய்வு மாணவருக்கு எவ்வளவு உதவும்?

கார்டெல் (போட்டி நிறுவனங்களே கூடி விலை பேசிக்கொள்வது), ஆதிக்க நிலை (போட்டியைப் பொருட்படுத்தாமல் சந்தையில் நடந்துகொள்ளும் பலம்) எல்லாம் பாடப்புத்தகத்தில் வெறும் வரையறைகள். அவை எப்படி நிரூபிக்கப்படுகின்றன, எங்கே தோற்கின்றன என்பது இந்தியப் போட்டி ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள உத்தரவுகளில்தான் தெரியும். கட்டணம் கிடையாது. போட்டிச் சட்டத்தில் கார்டெல் போன்ற ஒப்பந்தங்களைத் தடுக்கும் 3ஆம் பிரிவும், ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 4ஆம் பிரிவும் 2009 மே 20 அன்று அமலுக்கு வந்தன. தொகுப்பும் அதையொட்டித்தான் ஆரம்பம்.

எல்லோரும் முதலில் தேடுவது பிரிவு 27இன் அபராத உத்தரவுகளை: கட்டுமான நிறுவனமான டிஎல்எஃப் (2011, 630 கோடி ரூபாய்), கூகுள் ஆண்ட்ராய்டு (2022, 1,337.76 கோடி). அவற்றைவிடக் கற்றுக்கொடுப்பவை, விசாரணைக்கே அனுப்பாமல் பிரிவு 26(2)இல் மூடப்பட்ட புகார்கள். ஜியோவின் இலவச சேவை மீது ஏர்டெல் கொடுத்த புகாரை 2017 ஜூனில் ஆணையம் மூடியது. அடக்க விலைக்குக் கீழே விற்றார்களா என்ற கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது: ஆதிக்க நிலை இருந்ததா? அப்போதுதான் நுழைந்த நிறுவனத்துக்கு அது இல்லை என்றதும் 4ஆம் பிரிவுக் கதவு சாத்தியாயிற்று.

எந்த உத்தரவானாலும் 'தொடர்புடைய சந்தை' பகுதியிலிருந்து, அதாவது எந்தப் பொருள், எந்த இடம் என்று ஆணையம் எல்லை வகுக்கும் பகுதியிலிருந்து, படியுங்கள். டிஎல்எஃப் வழக்கில் அது குர்கானின் உயர்ரக அடுக்குமாடி வீடுகள். சந்தையை விரித்தால் நிறுவனத்தின் பங்கு சுருங்கும். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

குறைகளும் உண்டு. ஆணையத்துக்காகப் புகார்களை விசாரிக்கும் டைரக்டர் ஜெனரலின் அறிக்கை வெளியிடப்படுவதில்லை. உத்தரவில் வரும் சுருக்கத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான். ரகசியம் காக்கப்பட்ட இடங்களில் எண்கள் இருக்காது. நிறுவன இணைப்பு உத்தரவுகளில் சந்தைப் பங்கு [20-25]% என்பதுபோல வரம்பாகவே தரப்படும். இதை வைத்துச் சந்தைச் செறிவுக் குறியீடு (எல்லா நிறுவனங்களின் பங்குகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டுவது) போட்டால், அந்த ஒரு நிறுவனத்தின் வர்க்கமே 400ஆகவும் இருக்கலாம், 625ஆகவும் இருக்கலாம். பொருளாதார ஆய்வுக்கு இது போதாது.

மேற்கோள் காட்டும் முன் மேல்முறையீட்டைப் பாருங்கள். சிமெண்ட் கார்டெல் மீதான 2012 உத்தரவு 2015இல் ரத்தாகி, 2016இல் புது உத்தரவு வந்தது. பழையதையே காட்டும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. அபராதத் தொகைகளை ஆண்டுவாரியாக ஒப்பிடுவதும் ஆபத்து: 2017இல் உச்ச நீதிமன்றம் சம்பந்தப்பட்ட பொருளின் விற்றுமுதலை மட்டுமே கணக்கில் எடுக்கச் சொன்னது, 2023 திருத்தம் அபராதத்தின் உச்சவரம்பை உலகளாவிய விற்றுமுதலுக்கு மாற்றிவிட்டது.