கைக்கு இயந்திரமா, கையுறையா?

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து நான்காம் மாதம், வலக்கை விடயத்தில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம், தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றில் கையைப் பிடித்து அசைத்துப் பழக்கும் ரோபோ இயந்திரம். மறுபக்கம், நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு நோயுற்ற கையையே வேலை வாங்கும் பயிற்சி. நாங்கள் கையுறையைத் தேர்ந்தோம்.

செலவையும் அலைச்சலையும் விளக்கத் தேவையில்லை. மாலை வேளையில் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி நெரிசலில் முச்சக்கரவண்டியில் போனவர்களுக்குத் தெரியும்.

இயந்திரம் சலிக்காமல் ஒரே அசைவை நூறு முறை செய்விக்கும். ஆனால் பிரித்தானியாவில் 770 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் மூன்று நாளாக 12 வாரம் ரோபோவில் பழகியவர்களுக்கு அசைவு சற்றுக் கூடியதே தவிர, அது அன்றாட வேலைகளில் கைகொடுக்கவில்லை.

என்னைத் தீர்மானிக்க வைத்தது இதுதான்: முக்கால் மணி நேரப் பயிற்சி முடிந்த பின் அந்தக் கை என்ன செய்யும்? மடியில் கிடக்கும். இடக்கை எல்லாவற்றையும் செய்துகொள்ள, வலக்கையை மூளை மெல்ல மறந்துவிடும். கையுறை அந்த மறதியைத்தான் தடுக்கிறது. அமெரிக்காவில் 222 பேர் பங்கேற்று 2006இல் வெளியான ஆய்வில், உறைப் பயிற்சி பெற்ற பிரிவினருக்கு, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறையுடன் இரண்டே வாரம் இருப்பதுதான் இலக்கு. ஓராண்டு கழித்தும் பலன் நின்றது.

நாங்கள் அந்த அளவை எட்டவில்லை. நாளுக்கு இரண்டு மணி நேரமே முடிந்தது. சூடான சட்டி பிடிக்கும் தடித்த உறையை இடக்கையில் மாட்டி, அம்மாவின் முன்னால் உள்ளிப் பற்களை வைப்போம். முதல் நாள் ஒரு பல்லுக்கே நெற்றி வியர்த்தது. தோல் நகத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. “இன்னொன்று தா பிள்ளை” என்றார். மூன்றாம் வாரம் ஐந்து பல் உரித்தார். அன்றைய ரசத்துக்கு அவைதான்.

அம்மாவால் மணிக்கட்டைக் கொஞ்சம் உயர்த்தவும் விரல்களை விரிக்கவும் முடிந்தது. அந்த அசைவு இருப்பவர்களுக்கே இந்த முறை. அறவே அசையாத கைக்கு எது நல்லது என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை. அதை இயன்மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். குளிக்கும்போதும் படியேறும்போதும் உறையைக் கழற்றிவிடுங்கள். விழப்போனால் பிடித்துக்கொள்ள நல்ல கை வேண்டும்.