எகனாமிக்ஸ் படிக்க ஊர் காலேஜா, லிபரல் ஆர்ட்ஸா? மல்லித் தோட்டத்துல நடந்த பஞ்சாயத்து

அக்கா மக +2ல தேர்ட் குரூப். காமர்ஸ், அக்கவுண்ட்ஸ், எகனாமிக்ஸ், கம்ப்யூட்டர் அப்ளிகேஷன், கணக்கு மட்டும் கெடயாது. இப்ப எகனாமிக்ஸ்தான் படிப்பேன், அதுவும் அசோகா, கிரேயா மாதிரி லிபரல் ஆர்ட்ஸ் (ஒரே பாடம்னு இல்லாம பல பாடத்த கலந்து படிக்கிற முறை) யூனிவர்சிட்டிலதான்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. "அந்தப் படிப்ப படிச்சவன் நம்ம வீட்ல நீ ஒருத்தன்தான தம்பி, வந்து பேசு"ன்னு அக்கா போன் போட, ஞாயித்துக்கெழம வலையங்குளத்துல இருக்குற அவங்க மல்லித் தோட்டத்துக்கு பஸ் ஏறிட்டேன்.

நான் மதுரைலதான் பி.ஏ. எகனாமிக்ஸ் முடிச்சேன், காலேஜ் பேரு வேணாம். மொத செமஸ்டர்ல ஆடம் ஸ்மித்தோட செல்வ இலக்கணம், மார்ஷலோட நல இலக்கணம், ராபின்ஸோட பற்றாக்குறை இலக்கணம், அதாவது பதினொண்ணாப்புல மனப்பாடம் பண்ணுன அதே ஆளுங்கதான். சார் வாசிப்பாரு, நாங்க எழுதுவோம், வருஷக் கடைசில அதையே திருப்பி எழுதிட்டு வருவோம், மூணு வருஷமும் இப்படியே ஓடிருச்சு. எம்.ஏ. போனப்பதான் அடி விழுந்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்தவன் லக்ராஞ்ச்னு ஒரு கால்குலஸ் முறைய போட்டு அஞ்சு நிமிஷத்துல கணக்க முடிச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டான், நான் டிஃபரன்ஷியேஷனே அப்பத்தான் மொத மொதல்ல பாக்குறேன்.

எல்லா ஊர் காலேஜும் இப்படின்னு சொல்ல வரல. தன்னாட்சி காலேஜ்கள் பாடத்திட்டத்த அவங்களே போட்டுக்குறாங்க, சேர்றதுக்கு முன்னாடி அத வாங்கிப் பாருங்க, கணிதப் பொருளாதாரம், புள்ளியியல், எகனாமெட்ரிக்ஸ் (புள்ளிவிவரத்த வச்சு பொருளாதாரத்த அளக்குறது) மூணும் இருக்கா, பேருக்கு ஒரு பேப்பரா இல்ல ரெண்டு மூணு செமஸ்டர் வருதான்னு பாருங்க. அப்புறம், லிபரல் ஆர்ட்ஸ்ங்கிறது மதுரைக்கு ஒண்ணும் புதுச் சரக்கு இல்ல. 1881லயே அமெரிக்க மிஷனரிங்க வந்து ஆரம்பிச்சதுதான அமெரிக்கன் காலேஜ்.

இப்ப அந்தப் பக்கம். அசோகா, கிரேயால சேரும்போதே மேஜர, அதாவது முதன்மைப் பாடத்த முடிவு பண்ண வேணாம், மொத வருஷம் வரலாறு, இலக்கியம், சயின்ஸ்னு கலந்து படிச்சிட்டு அப்புறம் எகனாமிக்ஸ்னு சொல்லிக்கலாம். நம்ம பாப்பா இத கேட்டுட்டுத்தான் மயங்கிட்டா, பழகுன கதைப் புஸ்தகம் மாதிரி இருக்கும்னு நெனப்பு. எகனாமிக்ஸ் மேஜர் எடுத்தா அங்கயும் கால்குலஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், எகனாமெட்ரிக்ஸ்னு கணக்கு வரிசை கட்டி வரும், தப்பிக்க வழியே இல்ல. ஆனா ஒண்ணு, கட்டுரையும் எழுத வைப்பாங்க, கேள்வியும் கேக்க விடுவாங்க, அது எனக்குக் கெடைக்கல. நடுவுல பாதை மாத்துறது லேசான விஷயம் இல்ல, ஆனா முடியாததும் இல்ல. டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன்ல கடைசி காலத்துல இருந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா லண்டன்ல கணக்குத் தணிக்கை படிச்சிட்டு அப்புறம்தான் கொலம்பியா யூனிவர்சிட்டில பொருளாதாரத்துக்கு வந்தாரு.

பாப்பா டெல்லி யூனிவர்சிட்டியப் பத்தியும் கேட்டா. ஃபீஸ் கம்மி, பேரும் இருக்கு, ஆனா எகனாமிக்ஸ் ஹானர்ஸுக்கு +2ல கணக்கு கட்டாயம், அதனால அந்தக் கதவு சாத்தியாச்சு.

சரி, காசு. தனியார் லிபரல் ஆர்ட்ஸ்ல ஹாஸ்டலோட சேத்து மொத்தமா 40 லட்சம்னு வச்சுக்குவோம். முழுசும் லோன், 10.5% வட்டி, 10 வருஷம்னா மாசம் கிட்டத்தட்ட 54,000 கட்டணும், படிக்கிற காலத்து வட்டி தனி. வெறும் டிகிரியோட வெளிய வர்ற புள்ள மொத சம்பளத்துல இத எப்படிக் கட்டும்? ரிசர்வ் வங்கில பொருளாதார ஆய்வுப் பிரிவு அதிகாரி வேலைக்கும், இந்தியப் பொருளாதாரப் பணி தேர்வுக்கும் முதுகலை வேணும், அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம், இன்னும் செலவு.

அதனால என் கட்சி இதுதான். உதவித்தொகை பெருசா கெடச்சா கண்ண மூடிக்கிட்டு போ, அசோகாலயும் பெங்களூரு அசீம் பிரேம்ஜிலயும் குடும்ப வருமானத்தப் பாத்து ஃபீஸ்ல கொறைக்கிறாங்க. கெடைக்கலயா, மதுரைலயே நல்ல தன்னாட்சி காலேஜ்ல சேந்து, சாயங்காலம் கணக்கு டியூஷன் வச்சு, 2021ல இருந்து ஐஐடி ஜாம்ங்கிற முதுகலை நுழைவுத் தேர்வுல எகனாமிக்ஸ் பேப்பர் இருக்கே, அத எழுதி முதுகலைக்கு பெரிய எடத்துக்குப் போ. சென்னை கோட்டூர்ல மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸும் இருக்கு. முழு லோன் மட்டும் வேணாம்.

"நீங்க தோத்ததுக்கு நான் ஏன் மாமா பயப்படணும்?"னு பாப்பா கேட்டா பாருங்க. பதில் வரல எனக்கு. அத்தான் அப்பத்தான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல இருந்து வந்து துண்ட ஒதறிக்கிட்டே, "முகூர்த்தத்துக்கு மொத நாள் என்ன வெலை சொன்னாலும் அள்ளிட்டுப் போறாய்ங்க, மறுநாளு பாதி வெலைக்கும் கேக்க நாதியில்ல, பறிச்ச கூலி கூட தேறல"ன்னாரு. பாப்பா டக்குனு ஒரு பேப்பர எடுத்து டிமாண்ட் கோடு (எந்த வெலைக்கு எவ்வளவு வாங்குவாங்கன்னு காட்டுறது) ரெண்டு போட்டா, வெலை என்னன்னாலும் வாங்குற நாளுக்கு ஒண்ணு செங்குத்தா, வெலை கொஞ்சம் ஏறுனாலே வேணாம்ங்கிற நாளுக்கு ஒண்ணு படுத்தாப்புல. நான் அத பி.ஏ. ரெண்டாம் வருஷத்துலதான் கத்துக்கிட்டேன், அதுவும் பேனா விக்கிற உதாரணத்த வச்சு.

இப்ப ரெண்டு பக்கமும் அப்ளிகேஷன் போடுறதா பேச்சு, என்சிஇஆர்டி கணக்குப் புஸ்தகத்த நான் வாங்கித் தர்றதா ஒப்பந்தம். உதவித்தொகை ஃபார்ம்ல மாத வருமானம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அத்தான் ரொம்ப நேரம் அதயே பாத்துட்டு கேட்டாரு, "எந்த மாசத்தத் தம்பி போடச் சொல்ற, தையையா, வைகாசியவா?"