கண்ணகி நகரிலிருந்து மயிலாப்பூருக்கு: பஸ்ஸா, பறக்கும் ரயிலா, மெட்ரோவா?

சென்னையின் தெற்கே இருக்கும் கண்ணகி நகர் நிறுத்தத்தில் காலை ஐந்தரைக்கே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. முக்கால்வாசிப் பேர் பெண்கள். அடையாறு, மந்தைவெளி, மயிலாப்பூர் வீடுகளில் சமைக்கவும் பெருக்கவும் பாத்திரம் தேய்க்கவும் போகிறவர்கள். ஏழு மணிக்கு முதல் வீட்டில் நின்றாக வேண்டும். தூரத்தில் பஸ் தெரிந்ததும் எல்லாக் கண்களும் முதலில் தேடுவது முகப்பில் பூசிய பிங்க் நிறத்தைத்தான். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸின் அடையாளம் அது. "டீலக்ஸ்தான் வருது, வுட்டுடுக்கா" என்று ஒரு குரல் கேட்கிறது. பஸ் பாதி காலியாகக் கிளம்பிப் போகிறது. நிறுத்தத்தில் கூட்டம் அப்படியே நிற்கிறது.

இவர்களில் பலர் ஒரு காலத்தில் நடந்தே வேலைக்குப் போனவர்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகளும், பிறகு பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகளும் கட்டி, நகரின் நடுவில் கூவம் கரையிலும் மற்ற இடங்களிலும் குடியிருந்தவர்களை அரசு இங்கே கொண்டுவந்தது. 2019 கடைசியில் கூவம் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்களும் பெரும்பாக்கம் வந்தன. வீடு இடம் மாறியது, வேலை மாறவில்லை. அதனால் இந்த ஊரில் போக்குவரத்தைப் பற்றிப் பேசுவதென்றால் கூலியைப் பற்றிப் பேசுவதுதான். மாதக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கிறது என்பதை வைத்தே மூன்றையும் எடை போட வேண்டும்.

முதலில் பஸ். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. மூன்று வீட்டு வேலை செய்பவருக்கு இது ஒரு மாத கேஸ் சிலிண்டர். வீட்டு வாசல்வரை வருவதும் இந்த பஸ்தான். குறை எங்கே என்றால், காத்திருப்பில். முதல் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்கு அரை மணி நேரம் நின்றால், இரண்டாவது வீட்டு அம்மா வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார். போன வேலை திரும்ப வராது. 2025இல் பெரும்பாக்கத்தில் மின்சார பஸ்களுக்குப் பணிமனை வந்தது நல்ல செய்தி. ஆனால் அங்கிருந்து கிளம்பும் ஏசி வண்டிகளில் இந்த இலவசம் செல்லாது. ஆண்களுக்கோ எதிலும் இலவசமில்லை. பெயின்டரும் கொத்தனாரும் ஆயிரம் ரூபாய் பாஸ் எடுக்க வேண்டும், இல்லையென்றால் தினமும் சில்லறை எண்ண வேண்டும்.

அடுத்தது பறக்கும் ரயில், அதாவது தூண்கள்மேல் போகும் தடத்தில் ஓடும் நகர ரயில். டிக்கெட் எடுத்துப் போகிறவர்களுக்கு மூன்றிலும் இதுதான் மலிவு. டிக்கெட் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது. திருவான்மியூரில் ஏறினால் மந்தைவெளியும் திருமயிலையும் சில நிமிடங்கள்தான். ஆனால் கண்ணகி நகரிலிருந்து திருவான்மியூர்வரை வர ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு அந்த மலிவைத் தின்றுவிடுகிறது. இருட்டோடு கிளம்பி இருட்டில் திரும்பும் பெண்கள் ஆளரவமற்ற அந்தப் பெரிய நிலையங்களில் தனியாகப் படியேறத் தயங்குகிறார்கள். 1995இல் ஓடத் தொடங்கிய தடம் 2007இல் வேளச்சேரியை எட்டியது. ஓஎம்ஆர் என்னும் பழைய மாமல்லபுரம் சாலையின் தெற்கே வாழ்கிறவர்களை அது எட்டவே இல்லை.

மெட்ரோவின் கதை வேறு. இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். மாதவரத்திலிருந்து சிறுசேரி போகக் கட்டிக்கொண்டிருக்கும் தடம் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வழியாக ஓஎம்ஆருக்கு வருகிறது. இந்தப் பெண்கள் தினமும் போகும் அதே பாதை! மாதவரம்–சோழிங்கநல்லூர் தடமோ பெரும்பாக்கத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. வேகத்தில் பஸ்ஸால் இதோடு போட்டி போடவே முடியாது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று மெட்ரோவில் 12 முதல் 21 கிலோமீட்டர்வரை 40 ரூபாய். இதே கட்டணம் நீடித்தால் துரைப்பாக்கம் பக்கமிருந்து மயிலாப்பூர் போய்வர ஒரு நாளைக்கு 80, மாதம் 25 நாளுக்கு 2,000. கார்டில் 20 சதவீதத் தள்ளுபடி போனாலும் 1,600. ஒரு வீட்டுச் சம்பளத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். உள்ளே தள்ளி இருக்கும் பிளாக்குகளிலிருந்து நிலையம்வரை நடையோ ஷேர் ஆட்டோவோ தனி. ரயில் வரப்போகிறது என்றாலே வாடகை ஏறும் என்ற கவலையும் இருக்கிறது. ஒதுக்கீட்டு வீடு உள்ளவர் தாக்குப்பிடிப்பார். பக்கத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர் இன்னும் தெற்கே தள்ளப்படுவார்.

எல்லா வேலையும் மயிலாப்பூரில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இளையவர்கள் ஓஎம்ஆர் ஐடி வளாகங்களிலேயே ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன் வேலைகளுக்குப் போகிறார்கள். அங்கே இவர்களைத் தடுப்பது தூரம் இல்லை. முகவரியில் "கண்ணகி நகர்" என்று இருப்பதைப் பார்த்தே விண்ணப்பத்தை ஒதுக்கிவைக்கும் இடங்கள் உண்டு. அதை எந்த ரயிலும் சரிசெய்யாது. ஆனால் இந்த நான்கைந்து கிலோமீட்டர் வேலைகளுக்கு மெட்ரோவைவிட, பிளாக்குகளைச் சுற்றி ஓஎம்ஆரில் விடும் மினி பஸ்தான் உதவும். ஷிப்ட் முடியும் இரவு பத்து மணிக்கும் அது ஓட வேண்டும்.

என்னைக் கேட்டால், இன்றைக்கு பிங்க் பஸ்தான் முதலிடம். காலை ஐந்திலிருந்து ஏழுவரை அதன் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவதற்கு மெட்ரோ செலவோடு ஒப்பிட்டால் ஆகும் பணம் சொற்பம். மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை. மெட்ரோ ஓடும் நாளில் அதே மினி பஸ் பிளாக்கிலிருந்து நேராக நிலைய வாசலில் இறக்க வேண்டும். மறுகுடியமர்வு வீட்டு ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டினால் பாதிக் கட்டணத்தில் மாத பாஸ் கிடைக்க வேண்டும். இவர்களை வேலையிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளிவைத்தது அரசு. அந்தத் தூரத்துக்கான செலவில் பாதியாவது அரசு ஏற்பதைச் சலுகை என்று யாரும் சொல்லக்கூடாது.